ஒன்றுமில்லாத இடம் தள்ளுமா?

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, டியூப் லைட்டுக்குப் பக்கத்துச் சுவரைக் கொஞ்சம் கவனியுங்கள், குட்டீஸ். பூச்சிக்காக ஒரு பல்லி காத்திருக்கும். சுவரில் ஓடும். அப்படியே கூரைக்குப் போய்த் தலைகீழாக நிற்கும். விழவே விழாது!

அதன் காலில் பசை இருக்கிறதா? இல்லை. கொக்கி மாதிரி நகமா? நகம் பிடிக்கவே வழியில்லாத ஜன்னல் கண்ணாடியிலும் அது ஜாலியாக ஏறிப் போகிறதே!

ரகசியம் விரல்களுக்கு அடியில் இருக்கிறது. அங்கே கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய முடிகள் உண்டு. டோக்கே என்ற பெரிய பல்லி இனத்துக்கு ஒரு காலில் மட்டும் சுமார் 5 லட்சம் முடிகள். ஒவ்வொரு முடியின் நுனியும் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிந்திருக்கும். அந்தக் கிளைகள் சுவரை மிக நெருங்கும்போது, முடியில் இருக்கும் அணுக்களும் சுவரில் இருக்கும் அணுக்களும் ஒன்றையொன்று லேசாக இழுக்கின்றன. இதற்கு 'வாண்டர் வால்ஸ் விசை' என்று பெயர். ஒரு முடியின் இழுப்பு ரொம்பக் குறைவு. லட்சக்கணக்கில் சேர்ந்தால் பல்லியின் உடம்பையே தாங்கும்! அமெரிக்க விஞ்ஞானிகள் 2000-ஆம் ஆண்டில் ஒற்றை முடியைத் தனியாக எடுத்து, அதன் பிடியை அளந்தே பார்த்தார்கள்.

பல்லி பூச்சி பிடிக்கட்டும். நாம் பார்க்கப்போவது இந்த விசையின் அண்ணனை. அவர் இன்னும் விசித்திரமானவர். பளபளப்பான இரண்டு உலோகத் தகடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு நடுவில் காற்றுகூட வேண்டாம். காந்தம் இல்லை, மின்சாரம் இல்லை, பசை இல்லை. தகடுகளை ஒன்றுக்கொன்று மிக அருகில் கொண்டுபோனால், இரண்டும் தாமாகவே நெருங்கப் பார்க்கும்! யாரோ வெளியிலிருந்து தள்ளுவதுபோல.

தள்ளுவது யார்? வெற்றிடம்!

"ஒன்றுமே இல்லாத இடம் எப்படித் தள்ளும்?" என்று கேட்கிறீர்களா? சரியான கேள்வி. அதற்கு, சுவர் ஏறும் ஒரு மனிதரிடம் முதலில் போக வேண்டும்.

வங்கிச் சுவரில் இரண்டு பேர்

அவர் பெயர் ஹென்ட்ரிக் காசிமிர். 1909-ஆம் ஆண்டு நெதர்லாந்து நாட்டின் தி ஹேக் நகரில் பிறந்தவர். இளைஞராக இருந்தபோது, டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகருக்குப் போய், நோபல் பரிசு பெற்ற நீல்ஸ் போரிடம் இயற்பியல் கற்றார்.

அந்த நாட்களில் நடந்த ஒரு கூத்தை, உடன் இருந்த ஜார்ஜ் காமோவ் என்ற விஞ்ஞானி எழுதி வைத்திருக்கிறார். இரவு எல்லோரும் தெருவில் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். வழியில் ஒரு வங்கிக் கட்டடம். காசிமிருக்கு ஏறுவதில் கெட்டிக்காரத்தனம் அதிகம். வங்கியின் சுவரில் பல்லிபோல விறுவிறுவென்று ஏறிவிட்டார்! அதைப் பார்த்த பேராசிரியர் போருக்கும் ஆசை வந்துவிட்டது. அவரும் ஏறினார். அந்த நேரம் பார்த்து இரண்டு போலீஸ்காரர்கள் வந்துவிட்டார்கள். நடுராத்திரியில் வங்கிச் சுவரில் மனிதர்கள் என்றால் சும்மா விடுவார்களா? ஆனால் சுவரில் தொங்குவது யார் என்று தெரிந்ததும், "ஓ, நம்ம போர் சார்தானா!" என்கிற மாதிரி அவர்கள் போய்விட்டார்களாம்.

இந்தக் காசிமிர் 1942-இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் இருந்த பிலிப்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார். ஆமாம், பல்பும் ரேடியோவும் செய்த அதே பிலிப்ஸ்தான். அங்கே சில விஞ்ஞானிகள் ஒரு திரவத்தில் மிதக்கும் நுண்ணிய தூளை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். பெயின்ட், மை, பால் எல்லாமே இப்படித்தான். திரவத்துக்குள் ரொம்பச் சின்னத் துகள்கள் மிதக்கின்றன. துகள்கள் ஒன்றையொன்று இழுக்கும் விசை, அதாவது நம் பல்லியின் விசை, எவ்வளவு என்பதற்கு ஏற்கெனவே ஒரு கணக்கு இருந்தது. துகள்கள் பக்கத்தில் இருக்கும்வரை கணக்கு சரியாக வந்தது. கொஞ்சம் விலகினால், கணக்கு சொன்னதைவிட இழுப்பு குறைந்துபோனது. ஏன்?

காசிமிரும் அவருடைய நண்பர் டிர்க் போல்டரும் விடையைக் கண்டுபிடித்தார்கள். ஓர் அணு இன்னோர் அணுவை இழுக்கும் செய்தி ஒளியின் வேகத்தில்தான் போக முடியும். ஒளி விநாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகும் என்றாலும், அணுவின் துடிப்பும் படுவேகமானது. செய்தி போய்ச் சேர்வதற்குள் அணுவின் நிலை மாறிவிடுகிறது. தாமதமாக வந்த கடிதம் மாதிரி! அதனால்தான் தூரம் கூடும்போது இழுப்பு வேகமாகக் குறைகிறது.

கணக்கு பக்கம் பக்கமாக நீண்டது. ஆனால் கடைசியில் வந்த விடையோ ரொம்ப எளிமையாக இருந்தது. "இவ்வளவு கஷ்டமான கணக்குக்கு இவ்வளவு சுலபமான விடையா? இதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது" என்று காசிமிருக்கு உறுத்தல். 1947 வாக்கில், தன் பழைய ஆசிரியர் போருடன் நடந்து போகும்போது இதைச் சொன்னார். போர் சற்று யோசித்தார். பிறகு, 'பூஜ்யநிலை ஆற்றலுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டும்' என்கிற மாதிரி ஏதோ முணுமுணுத்தார். அவ்வளவுதான். காசிமிருக்குப் பொறி தட்டிவிட்டது!

ஆடிக்கொண்டே இருக்கும் ஊஞ்சல்

பூஜ்யநிலை ஆற்றல் என்றால் என்ன?

பூங்காவில் ஒரு ஊஞ்சல். யாரும் ஆடவில்லை, காற்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஊஞ்சல் அசையாமல் நின்றுவிடும் அல்லவா? அணு அளவுக்குச் சிறிய ஊஞ்சலுக்கு அந்த நிம்மதி கிடையாது! மிகச் சிறியவற்றை ஆளும் குவாண்டம் விதிகளின்படி, எதுவும் முழுசாக அசைவற்று நிற்க முடியாது. எவ்வளவு குளிர வைத்தாலும் கடைசியாக ஒரு சின்ன நடுக்கம் மிஞ்சும். அந்த மிச்ச நடுக்கத்தின் ஆற்றல்தான் பூஜ்யநிலை ஆற்றல்.

ஒளியும் ஓர் அலைதான். ரேடியோ அலையும் அதே குடும்பம். ஒவ்வோர் அலையும் ஓர் ஊஞ்சல் மாதிரி. ஒரு பெட்டியிலிருந்து காற்றை எல்லாம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். விளக்கை அணையுங்கள். பூஜ்யத்துக்குக் கீழே 273 டிகிரியை நெருங்கும்வரை குளிர வையுங்கள். பெட்டி காலி என்று நினைப்போம். ஆனால் அங்கே இருக்கக்கூடிய ஒவ்வோர் அலைக்கும் அந்தக் குட்டி நடுக்கம் மிச்சம் இருக்கும். வெற்றிடம் என்பது அப்படியொன்றும் வெறும் இடம் இல்லை, குட்டீஸ்.

இப்போது ஒரு சோதனை. துணி காயப்போடும் நைலான் கயிறு ஒன்றை எடுத்து (அம்மாவிடம் கேட்டுவிட்டு!), ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். மறுமுனையைக் கையில் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். மெதுவாக ஆட்டினால் கயிறு முழுவதும் ஒரே வளைவாக எழும். வேகத்தைக் கூட்டினால் இரண்டு வளைவுகள் வரும். இன்னும் கூட்டினால் மூன்று. ஆனால் ஒன்றரை வளைவு வருமா? வரவே வராது, கயிறு கன்னாபின்னாவென்று குழம்பும். இரண்டு முனைகளும் பிடிபட்டிருப்பதால், அந்த நீளத்துக்குப் பொருந்துகிற அலை மட்டுமே நிலைத்து நிற்கும்.

இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவிலும் இதே கதைதான். தகட்டின் பரப்பில் ஒளி அலை அடங்கிப்போக வேண்டும், கம்பியில் கட்டிய கயிற்று முனைபோல. அதனால் இடைவெளிக்குப் பொருந்தும் அலைகளுக்கு மட்டுமே உள்ளே இடம். பெரிய அலைகளுக்கு அனுமதி இல்லை. வெளியிலோ எந்தக் கட்டுப்பாடும் இல்லை. வெளியில் நடுங்கும் அலைகள் தகடுகளை உள்நோக்கித் தள்ளுகின்றன. உள்ளே இருக்கும் அலைகள் வெளிநோக்கித் தள்ளுகின்றன. வெளிப்பக்கத்தின் கை ஓங்கிவிடுகிறது. தகடுகள் நெருங்குகின்றன!

(இதை விளக்க, 'பெரிய அலையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு கப்பல்கள் இப்படித்தான் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும்' என்று பல புத்தகங்களில் எழுதியிருப்பார்கள். 1836-இல் வெளிவந்த ஒரு பிரெஞ்சு மாலுமி நூலைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். அந்த நூலைப் புரட்டிப் பார்த்தவர்கள், கப்பல்கள் நெருங்குவதாக அதில் சொல்லியிருப்பது அலையே இல்லாத அமைதியான கடலில் என்று கண்டுபிடித்தார்கள். நல்ல கதைதான். ஆனால் நமக்குக் கயிறே போதும்.)

காசிமிர் இந்த வழியில் கணக்குப் போட்டார். விடை ஒரே வரியில் வந்தது. 1948-ஆம் ஆண்டு மே மாதம் அதை நெதர்லாந்தின் ராயல் அறிவியல் அகாடமியில் வெளியிட்டார். அது மிகச் சிறிய கட்டுரை.

கொசுவைவிட லேசு, காற்றைவிட பலசாலி

அந்த விசை எவ்வளவு இருக்கும்? உங்கள் ஸ்கேலில் ஒரு மில்லிமீட்டர் கோட்டைப் பாருங்கள். அதை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். ஒரு சென்டிமீட்டர் நீளமும் ஒரு சென்டிமீட்டர் அகலமும் கொண்ட இரண்டு தகடுகளை ஒரு மைக்ரான் இடைவெளியில் வைத்தால், அவற்றை நெருக்கும் விசை ஒரு கொசுவின் எடையில் ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்கு. "ப்பூ... இவ்வளவுதானா?" என்கிறீர்களா?

பொறுங்கள். இடைவெளியைப் பாதியாக்கினால் விசை இரண்டு மடங்கு ஆகாது. 16 மடங்கு ஆகும்! பத்தில் ஒரு பங்காக்கினால் 10,000 மடங்கு. இடைவெளியை 10 நானோமீட்டருக்கு, அதாவது மைக்ரானில் நூறில் ஒரு பங்குக்கு, கொண்டுபோனால், அதே குட்டித் தகட்டின்மேல் காசிமிரின் கணக்குப்படி ஒரு கிலோவுக்கும் அதிகமான எடையை வைத்ததுபோல அழுத்தம். நம்மைச் சுற்றியுள்ள காற்று அந்த அளவு இடத்தை அழுத்துவதே சுமார் ஒரு கிலோதான்! நிஜத் தங்கத்திலும் செம்பிலும் இவ்வளவு கிடைக்காது. காசிமிர் எல்லா அலைகளையும் திருப்பி அனுப்பும் 'அப்பழுக்கில்லாத' உலோகத்துக்குத்தான் கணக்குப் போட்டார். அப்படிப்பட்ட உலோகம் கடையில் கிடைப்பதில்லை.

கணக்கு சரி. அளந்து காட்ட வேண்டாமா? அங்கேதான் தலைவலி ஆரம்பித்தது.

நம் தலைமுடியின் தடிமன் 70, 80 மைக்ரான். தகடுகளுக்கு இடையே தேவைப்படுவதோ ஒரு மைக்ரான். ஒரே ஒரு தூசி உட்கார்ந்தால் போச்சு, தகடுகள் நெருங்கவே முடியாது. இரண்டு தகடுகளும் துளிக்கூடச் சாயாமல் இணையாக நிற்க வேண்டும். ஒரு மூலை தாழ்ந்தால் அங்கே இடித்துவிடும். கொஞ்சம் மின்னூட்டம் ஒட்டிக்கொண்டிருந்தாலும், சீப்பு காகிதத்தை இழுப்பதுபோல அது வேறொரு இழுப்பைக் கொடுத்து ஏமாற்றிவிடும். தெருவில் லாரி போனால் மேஜை அதிரும். இத்தனைக்கும் நடுவில் கொசுவின் எடையைவிடக் குறைந்த விசையை அளக்க வேண்டும்!

1958-இல் அதே பிலிப்ஸ் கூடத்தைச் சேர்ந்த மார்கஸ் ஸ்பார்னாய் முயன்றார். அலுமினியம், குரோமியம், எஃகுத் தகடுகளை வைத்து அளந்தார். ஆனால் அளவில் பிழை நூறு சதவீதம்வரை இருக்கலாம் என்ற நிலை. அவரால் சொல்ல முடிந்ததெல்லாம், 'என் சோதனை காசிமிரின் கணக்குக்கு முரணாக இல்லை' என்பதுதான். நேர்மையான மனிதர். 'நிரூபித்துவிட்டேன்' என்று தம்பட்டம் அடித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை.

பிறகு வருடங்கள் ஓடின. காசிமிர் பிலிப்ஸ் ஆராய்ச்சிக் கூடத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்து, ஓய்வும் பெற்றுவிட்டார். அவருடைய விசை மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் அளக்கப்படாமலே கிடந்தது.

1997-ஆம் ஆண்டு ஸ்டீவ் லாமோரோ என்ற அமெரிக்கர் அதைச் சாதித்தார். சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சோதனை நடந்தது. அவர் செய்த தந்திரம் சுலபமானது: இரண்டு தட்டைத் தகடுகளை இணையாக நிறுத்துவது கஷ்டம் என்றால், ஒன்றை வளைவாக வைத்துவிட்டால்? பந்தைத் தரையில் வையுங்கள். எப்படித் திருப்பினாலும் ஒரு புள்ளிதான் தரையைத் தொடும். இணை என்ற பிரச்சினையே இல்லை! ஒரு தட்டைக் கண்ணாடி, ஒரு வளைந்த கண்ணாடி. இரண்டிலும் செம்பும் தங்கமும் பூசினார். தட்டைக் கண்ணாடியை மெல்லிய கம்பியில் தொங்கிய ஊசலில் பொருத்தினார். விசை வந்தால் கம்பி ஒரு துளி முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கை அளந்தால் விசை தெரிந்துவிடும். அவருடைய அளவும் கணக்கும் 5 சதவீதத்துக்குள் ஒத்துப்போவதாக அறிவித்தார்.

கணக்கு போட்டு 49 ஆண்டுகள் ஆகியிருந்தன. காசிமிருக்கு அப்போது வயது 87. தன் கணக்கு அளந்து காட்டப்பட்டதைப் பார்க்க அவர் உயிரோடு இருந்தார்! 2000-ஆம் ஆண்டு மே மாதம் காலமானார்.

அடுத்த வருடமே, 1998-இல், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் உமர் மொஹிதீனும் அனுஸ்ரீ ராயும் இன்னும் நுட்பமாக அளந்தார்கள். அலுமினியம் பூசிய, 200 மைக்ரான் அளவுள்ள ஒரு குட்டி உருண்டையை அணுவிசை நுண்ணோக்கியின் முனையில் ஒட்டி, ஒரு தகட்டின் அருகே கொண்டுபோனார்கள். பிழை ஒரு சதவீதம்தான்! அனுஸ்ரீ ராய் பிறகு நம் நாட்டின் காரக்பூர் ஐ.ஐ.டி.யில் இயற்பியல் பேராசிரியர் ஆனார். நிஜமாகவே இரண்டு தட்டைத் தகடுகளை எதிரெதிரே நிறுத்தி அளக்கும் வேலையை 2002-இல் இத்தாலியின் பதுவா நகர விஞ்ஞானிகள் செய்து முடித்தார்கள்.

போனுக்குள்ளே என்ன வேலை?

போனைச் சாய்த்தால் படமும் சாய்கிறது அல்லவா? அதற்குள் சிலிக்கானில் செய்த, அசையும் குட்டி இயந்திரம் ஒன்று இருக்கிறது. கார் மோதியதும் காற்றுப்பையை விரிக்கச் சொல்வதும் இதே இனம்தான். இவற்றின் உறுப்புகளுக்கு இடையே உள்ள இடைவெளி சில மைக்ரான்கள். இயந்திரம் சின்னதாக ஆக ஆக, உறுப்புகள் நெருங்குகின்றன. நெருங்கினால்தான் தெரியுமே, நம் ஆள் வந்துவிடுவார்! உறுப்புகள் சட்டென்று ஒட்டிக்கொண்டு, பிரியாமல் போய்விடும் ஆபத்து உண்டு. (ஈரமும் இந்த வேலையைச் செய்யும். எல்லாப் பழியையும் வெற்றிடத்தின்மேல் போடக் கூடாது.) 2001-இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில், தங்கம் பூசிய ஓர் உருண்டையை அருகே கொண்டுவந்தே ஒரு குட்டி சிலிக்கான் பலகையைச் சாய்த்துக் காட்டினார்கள். தொடாமலேயே!

இழுப்பதை விலக்கலாக மாற்ற முடியுமா? முடியும். 2009-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக விஞ்ஞானிகள் வெளியிட்ட சோதனையில், தங்க உருண்டைக்கும் கண்ணாடி வகைத் தகட்டுக்கும் நடுவே புரோமோபென்சீன் என்ற திரவத்தை நிரப்பினார்கள். அப்போது இரண்டும் ஒன்றையொன்று விலக்கின.

இந்நேரம் உங்களில் ஒரு கெட்டிக்காரர், "வெற்றிடத்தில் ஆற்றல் இருக்கிறது என்றால், அதிலிருந்து கரண்ட் எடுக்கலாமே!" என்று கையைத் தூக்கியிருப்பார். இந்த ஆசையில் மயங்கிய பெரியவர்களே உண்டு. கிணற்றில் வாளி விழும்போது ராட்டினம் சுற்றும். ஆனால் அடுத்த முறை விழ வைக்க வாளியை நாம்தானே மேலே இழுக்க வேண்டும்? தகடுகளும் அப்படித்தான். ஒருமுறை நெருங்கும்போது கொஞ்சம் ஆற்றல் கிடைக்கும். மறுபடி பிரிக்க, குறைந்தது அதே அளவு ஆற்றலைச் செலவு செய்தாக வேண்டும். 'வெற்றிடத்திலிருந்து இலவச மின்சாரம்' என்று யாராவது விற்க வந்தால், கதவைச் சாத்திவிடலாம்.

இன்னொரு விஷயம். வெற்றிடத்தின் நடுக்கத்தைப் பற்றிப் பேசாமலேயே, இரண்டு தகடுகளிலும் உள்ள எலக்ட்ரான்களின் துடிப்பை வைத்தும் இதே விடையைக் கொண்டுவரலாம். அப்படிப் பார்த்தால் தகடுகளின் விசையும் பல்லியின் விசையும் ஒன்றேதான். பக்கத்தில் இருந்தால் ஒரு பெயர், தள்ளி இருந்தால் இன்னொரு பெயர். அண்ணன் என்று சொன்னது அதனால்தான்.

எல்லாம் தெரிந்தாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். தங்கத்துக்குள் எலக்ட்ரான்கள் ஓடும்போது அங்கங்கே மோதிக் கொஞ்சம் ஆற்றலை இழக்கின்றன. காசிமிர் விசையைக் கணக்கிடும்போது அந்த இழப்பைச் சேர்க்க வேண்டுமா, வேண்டாமா? பாடப்புத்தகத்தின்படி சேர்த்தே ஆக வேண்டும். 2011-இல் லாமோரோவின் குழு, அப்போது யேல் பல்கலைக்கழகத்தில், அளந்து பார்த்துச் 'சேர்த்தால்தான் சரியாக வருகிறது' என்றது. மொஹிதீனின் குழு, இன்னும் நெருக்கமான தூரங்களில் பலமுறை அளந்து, 'சேர்க்காமல் விட்டால்தான் சரியாக வருகிறது' என்கிறது. இந்த விசையை முதலில் துல்லியமாக அளந்த இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம்!